நகரின் ஓரத்தில் ஒரு தொட்டி: பொது அறுப்புக்கூடத் திட்டமிடலின் வரலாறு

முன்னுரை

ஆடுமாடுகளை எங்கே அறுப்பது என்பது நெடுங்காலம் பெரும்பாலும் கசாப்புக்காரர்களின் சொந்த விஷயமாக இருந்தது. கடையின் பின்கட்டே அறுப்பிடம். இதை நகராட்சியின் கடமையாக்கியது 19ஆம் நூற்றாண்டு. பாரிஸ், லண்டன் நகரங்களில் உருவான பொது அறுப்புக்கூடம் என்னும் திட்டம் பம்பாய், கல்கத்தா, சென்னைக்கு வந்தபோது அதில் எது நிறைவேறியது, எது தங்கிப்போனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அறுப்பை இடம் மாற்றும் பகுதி எங்கும் முதலில் நிறைவேறியது. நீர், வடிகால், மருத்துவச் சோதனை ஆகியவை பின்தங்கின. அந்தப் பின்தங்கலின் சுமையை நகரின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள் தாங்கினர்.

பாரிஸின் ஆணையும் லண்டனின் தயக்கமும்

பாரிஸில் ஐந்து பொது அறுப்புக்கூடங்கள் கட்ட 1810இல் நெப்போலியன் ஆணையிட்டார். அவை 1818இல் திறக்கப்பட்டன. அங்கே இறைச்சித் தொழிலே அரசின் பிடியில் இருந்தது. கசாப்புக்காரர்களின் எண்ணிக்கைக்கு 1858 வரை வரம்பு இருந்ததால், ஆணையை மீறி ஒதுங்க அவர்களுக்கு வழியில்லை. 1867இல் லா வில்லெத்தில் எழுந்த பெரிய வளாகம் மாட்டுச் சந்தையையும் அறுப்பையும் ஒரே இடத்தில் சேர்த்தது.

லண்டனின் கதை வேறு. நகரின் நடுவே, ஸ்மித்ஃபீல்டில் உயிர்க் கால்நடைச் சந்தை நடந்தது. 1840களின் இறுதியில் ஆண்டுக்குச் சுமார் 2,20,000 மாடுகளும் 15 லட்சம் ஆடுகளும் அந்தச் சிறு திடலுக்குள் ஓட்டிவரப்பட்டன. பொறியாளர் ரிச்சர்ட் பாக்சால் கிரந்தம் 1848இல் பொது அறுப்புக்கூடங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1855இல் சந்தை இஸ்லிங்டனுக்கு மாறியது. அங்கே பொது அறுப்பு மனைகளும் கட்டப்பட்டன. ஆயினும் 1870களில் நகரில் சுமார் 1,500 தனியார் அறுப்பிடங்கள் எஞ்சியிருந்தன.

காரணம் சொத்துரிமை. குடியிருப்புகளை ஒட்டி நடக்கும் அறுப்புத் தொழில்கள் 30 ஆண்டுகளில் நிறுத்தப்பட வேண்டும் என்று 1844ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் விதித்தது. கெடு முடியும் தறுவாயில் கசாப்புக்காரர்கள் நாடாளுமன்றத்தை அணுகினர். 1874ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் பெற்றுத் தொழிலைத் தொடர அவர்களுக்கு வழிவிட்டது. தொலைவிலிருந்து வண்டியில் வரும் கறி வெயிலில் கெடும், தோலும் கொழுப்பும் குடலும் விற்ற வருமானம் கைநழுவும் என்பவை அவர்களுடைய வாதங்கள். சோதிப்பவரின் கண்ணில் படாத பின்கட்டின் வசதியும் அந்த வாதங்களுக்குள் ஒளிந்திருந்தது.

மூக்கிலிருந்து கண்ணுக்கு

தொடக்ககாலத் திட்டங்களுக்கு அடிப்படை, துர்நாற்றமே நோயைப் பரப்புகிறது என்ற நம்பிக்கை. நாற்றத்தை அகற்றினால் நோயும் அகலும் என்றால், அறுப்பைத் தொலைவுக்குத் தள்ளுவதே மருந்தாகிவிடும். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின் இந்த எண்ணம் ஆட்டம் கண்டது. நோயுற்ற மாட்டின் இறைச்சிக்கு நாற்றம் இருக்க வேண்டியதில்லை. ஈரலையும் நுரையீரலையும் நெறிக்கட்டிகளையும் பிளந்து பார்த்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான பின்கட்டுகளில் இதைச் செய்ய இயலாது. ஆகவே பொதுக்கூடத்துக்கு இரண்டாவது, வலுவான காரணம் பிறந்தது.

இத்தகைய சோதனை எல்லா ஊருக்கும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. கொல்லிமலையின் வாசலூர்பட்டி போன்ற சிற்றூரில் ஆட்டை வளர்த்தவர் யார், அறுப்பவர் யார் என்பது கறி வாங்குபவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கம் அற்றுப்போன பெருநகரில் அதன் இடத்தை நிரப்புவது கறியின் மேல் குத்தப்படும் முத்திரை. முத்திரைக்குப் பின்னால் உண்மையான சோதனை இல்லையென்றால், நகரவாசிக்கு எஞ்சுவது மை மட்டுமே.

பாந்த்ரா, டாங்ரா, பெரம்பூர்

லண்டனில் முடியாதது காலனிய நகரங்களில் எளிதாக முடிந்தது. 1865 முதல் 1871 வரை பம்பாயின் நகராட்சி ஆணையராக இருந்த ஆர்தர் கிராஃபோர்டு, அறுப்புக்கூடத்தை மாகிம் கழிமுகத்துக்கு அப்பால் பாந்த்ராவுக்கு மாற்றினார். ரயில் அப்போதுதான் அங்கே எட்டியிருந்தது. 1869இல் அவர் பெயரால் அமைந்த சந்தை இறைச்சி விற்பனையை நகருக்குள் ஒழுங்குபடுத்தியது. அறுப்பு வெளியே, விற்பனை உள்ளே என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. கல்கத்தாவில் இதே வேலையை நகரின் கிழக்கு ஓரத்து டாங்ரா செய்தது. சுகாதாரத்தோடு இன்னொரு கணக்கும் இங்கே சேர்ந்தது: மாட்டு அறுப்பைக் கண்ணில் படாமல் வைப்பது ஊர் அமைதிக்கு நல்லது என்று ஆட்சியாளர் கருதினர்.

சென்னையில் பெரம்பூர் இறைச்சிக் கூடம் 1903இல் அமைந்தது. மக்கள் வாயில் அது புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நெருக்கமாக வாழ்ந்த வட்டாரம் அது. டாங்ராவில் தோல் பதனிடும் தொழிலும், 1971இல் பாந்த்ராவுக்கு மாற்றாக அமைந்த தேவனாரில் குப்பைமேடும் அறுப்புக்கூடத்துக்கு அண்டையாயின. ஆக, ‘ஊருக்கு வெளியே’ என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடம் இன்னொரு கூட்டத்தாரின் ஊராகவே இருந்தது.

அந்த வெளியும் நிலைக்கவில்லை. பாந்த்ரா 1950இல் பம்பாய்க்குள் வந்தது. பெரம்பூரைச் சென்னை எப்போதோ சூழ்ந்துவிட்டது. லா வில்லெத்தின் அறுப்புக்கூடம் 1974இல் மூடப்பட்டது. அங்கே இன்று அறிவியல் காட்சியகமும் பூங்காவும் உள்ளன. தொலைவு என்பது சில பத்தாண்டுகள் மட்டுமே தாங்கும் தீர்வு.

சட்டத்தில் எஞ்சிய திட்டம்

இந்திய அரசின் 2001ஆம் ஆண்டு அறுப்புக்கூட விதிகள் நாளொன்றுக்குப் 10 அல்லது அதற்கு மேற்பட்ட விலங்குகள் அறுக்கப்படும் கூடங்களைக் கருத்தில் கொண்டவை. கால்நடைகளுக்கு ஓய்வுக் கொட்டில் வேண்டும். பெரிய விலங்குக்கு 2.8, சிறியதற்கு 1.6 சதுர மீட்டர் இடம் தர வேண்டும். ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளொன்றுக்கு 96 விலங்குகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது. கிரந்தம் காலத்துக் கனவில் இடமே முதன்மை. இவ்விதிகளில் மருத்துவரின் நேரமும் அளவாகிறது. ஒரு கூடத்தில் நாளொன்றுக்கு எத்தனை ஆடுகள் அறுபடலாம் என்பதை அங்குள்ள மருத்துவர்களின் எண்ணிக்கையே வரம்பிடுகிறது.

முடிவுரை

பாரிஸில் அரசின் பிடியும் லண்டனில் சொத்துரிமையும் இந்திய நகரங்களில் காலனிய அதிகாரமும் பொதுக்கூடத்தின் போக்கைத் தீர்மானித்தன. அதிகாரம் எளிதாகச் செலுத்தப்பட்ட இடங்களில் கூடம் விரைவாக எழுந்தது. ஆனால் அங்கு வாழ்வோரின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. வளரும் தமிழக நகரங்கள் இன்று புதிய கூடத்துக்கு மனை தேடும்போது, கடைவீதியிலிருந்து அது எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் அளந்தால் பழைய பிழையே திரும்பும். நாள்தோறும் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வரும், இரத்தம் கலந்த கழிவுநீர் எவர் தெரு வழியே போகும், எத்தனை மருத்துவர்கள் பணியில் இருப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்ட பிறகே மனையைத் தேர்வு செய்ய வேண்டும்.