பறங்கிப்புண்ணும் பிற்காலப் பித்தும்

பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைச்சரிவுகளிலும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. அவ்விரு மொழிகளும் ஒரு கொடிய மேகநோய்க்கு ஒரே பெயரைச் சூட்டியுள்ளன: பறங்கிப்புண். ஆங்கில வைத்தியர் சிபிலிஸ் என்பது இதுவே. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டருகே வந்திறங்கியபின் போர்த்துக்கீசியரோடு வந்த நோய் என்னும் குற்றச்சாட்டு அப்பெயரிலேயே பொதிந்துள்ளது. 16-ஆம் நூற்றாண்டின் வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசமும் ‘பிரங்க ரோகம்’ என்றே கூறுகிறது. (இலங்கையில் பறங்கி எனப்பட்டது இதன் இனநோய், அது பொதுவாக மூளையைத் தீண்டுவதில்லை.)

நம் வைத்தியர்கள் பறங்கிப்பட்டை கொடுத்தனர். புண் ஆறியது, பட்டையின் மகிமை என்றனர். உண்மையில் மருந்தே இன்றியும் அப்புண் சில வாரங்களில் ஆறிவிடும்! இந்நோயின் வஞ்சகம் முழுதும் இங்கேதான் இருக்கிறது. புண் மறையினும் கிருமி மறைவதில்லை. தொடக்கத்திலேயே அது மூளையை எட்டிவிடவும் கூடும். சிகிச்சை பெறாதோருள் ஒரு பகுதியினருக்கு, பத்து முதல் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதன் வேலை வெளிப்படும். சிக்கனமாக வாழ்ந்தவர் தம்மைக் குபேரன் என்று எண்ணிக் கடன் வாங்கி இறைப்பார். நாக் குழறும், கையெழுத்துக் கோணும், வெளிச்சம் பட்டாலும் கண்மணி சுருங்காது. நினைவு அழிந்து, கைகால் தளர்ந்து, சில ஆண்டுகளில் மரணம்.

பேய் பிடித்ததென்று மந்திரவாதியை நாடிய உறவினரை நகைப்பதற்கில்லை. என்றோ ஆறிய புண்ணையும் இன்றைய பித்தையும் யார்தான் இணைத்துப் பார்ப்பர்? பாரிஸில் பேல் என்னும் வைத்தியர் 1822-இலேயே இப்பித்தர்களின் மூளையுறையில் வீக்கம் கண்டார், காரணம் புலப்படவில்லை. கிருமி 1905-இல் கண்டறியப்பட்டது. 1913-இல் நொகுச்சியும் மூரும் இறந்தோர் மூளையிலேயே அதனைக் கண்ட பின்னரே ஐயம் நீங்கியது.

இடையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஏலமலைத் தோட்டங்களில் நம் தொழிலாளரை மலேரியா வாட்டிய காலத்தில், வியன்னாவில் வாக்னர்-யாரெக் இப்பித்தர்களுக்கு அதே மலேரியாவை 1917-இல் வேண்டுமென்றே ஏற்றினார். காய்ச்சலின் வெப்பம் கிருமியை ஒடுக்கியது. பின்பு கொய்னா கொடுத்துக் காய்ச்சலை நிறுத்தினார். சிலர் தேறினர், சிலர் மாண்டனர். இதற்காக 1927-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

1943-இல் பென்சிலின் இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கியதும் அம்முறை வழக்கொழிந்தது. ஊரை விட்டுத் தொலைவில் பிழைப்போர் வெட்கத்தால் இந்நோயை மறைப்பதுண்டு. பல ஆண்டுகள் சென்றாலும் இரத்தச் சோதனை அதனைக் காட்டிக்கொடுக்கும். மூளையை எட்டியதா என்பதை முதுகுத்தண்டு நீர் உரைக்கும். பென்சிலின் அப்போதும் கிருமியை ஒழிக்கும். அதற்குள் அழிந்துபோன மூளைப்பகுதியை மட்டும் அதனால் மீட்க இயலாது.