எல்லையோரக் கட்டிடமும் அண்டை உரிமையும்: பாலாற்றுத் தோல் மண்டலம்

எல்லையோரக் கட்டிடம் என்பது ஒருவர் தம் நிலத்தில், அண்டை நிலத்தின் எல்லையை ஒட்டி எழுப்பும் வீடு, கார் கொட்டகை, பட்டறை, தொட்டி போன்றவற்றைக் குறிக்கும். வேலூர், மேல்விசாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் மண்டலத்தில் குடியிருப்பு, வயல், தோல் பதனிடும் ஆலை ஆகியவை அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆகவே எல்லை பற்றிய வழக்குகள் இங்கு சுவரோடு நிற்காமல் நீர், மண், உயிர் ஆகியவற்றையும் தொட்டன.

எல்லையை நிறுவும் சட்டங்கள்

சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறையின் கீழ் நிலங்கள் அளக்கப்பட்டு, புல எண்ணும் புலப்படமும் உருவாயின. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் எல்லைக்கற்களை நடுவதற்கும் பராமரிப்பதற்கும் விதிகளை வகுத்தது. கட்டிட வரைபடத்துக்கு உள்ளாட்சி அமைப்பு தரும் அனுமதி நில உரிமையை முடிவு செய்வதில்லை. அதில் தகராறு எழுந்தால் உரிமையியல் நீதிமன்றமே தீர்க்க வேண்டும்.

எல்லைக்குள் கட்டிக்கொள்ளும் உரிமைக்கும் வரம்பு உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. பக்கத்து மண் தன் நிலத்துக்குத் தரும் இயற்கையான தாங்கல், மாசுபடாத காற்று, மாசுபடாத நீர் ஆகியவற்றை நில உடைமையாளரின் இயல்பான உரிமைகளாக அச்சட்டம் காட்டுகிறது. ஒரு கட்டிடம் 20 ஆண்டுகள் தடையின்றி, வசதியுரிமையாகப் பெற்று வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதன் 15-ஆம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது.

இடைவெளி விதிகள்

1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நகரங்களில் கட்டிடம் கட்ட முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதன் கீழ் 1972-இல் கட்டிட விதிகள் வந்தன. 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் மாநிலம் முழுமைக்கும் பொதுவாயின. மனையின் அளவு, கட்டிடத்தின் உயரம், பயன்பாடு ஆகியவற்றைப் பொறுத்து முன்புறம், பின்புறம், பக்கவாட்டில் விட வேண்டிய திறந்தவெளி கணக்கிடப்படுகிறது. வீடுகள் சுவரோடு சுவராக அமைந்த பழைய தெருக்கள் தொடர் கட்டிடப் பகுதிகளாகத் தனியே கருதப்படுகின்றன.

வெளிச்சம், காற்றோட்டம், தீ பரவாமை ஆகியவை இவ்விடைவெளியின் நோக்கங்கள். நடைமுறையில் வேறு பயன்களும் உண்டு. எல்லையிலேயே கொட்டகைச் சுவரை எழுப்பியவர் வெளிப்பூச்சு பூசவும் விரிசலை அடைக்கவும் பக்கத்து மனையில் கால் வைக்க வேண்டியிருக்கும். தகரக் கூரையின் மழைநீரும் அங்கேயே விழும்.

ஆலைகளும் அண்டை வயல்களும்

இம்மண்டலத்தில் தோல்கள் முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமியம் உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் எல்லைச் சுவருக்கு அடியில் மண்ணில் இறங்கி, அண்டைக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. சுவரிலிருந்து சில அடி விடச் சொல்லும் விதியால் இதைத் தடுக்க முடியவில்லை.

1989-இல் தமிழ்நாடு அரசு, மிகுதியாக மாசுபடுத்தும் தொழில்களை ஆறு முதலிய நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிதாகத் தொடங்கத் தடை விதித்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு குறிப்பிட்டது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது.

2015 ராணிப்பேட்டை விபத்து

2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் இருந்த பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. கசடு வெள்ளமாகப் பாய்ந்து பக்கத்துத் தோல் ஆலைக்குள் புகுந்தது. அங்கு உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இத்தகைய பொறுப்பு பற்றிச் சட்டம் முன்பே பேசியிருந்தது. தன் நிலத்தில் தேக்கிய நீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்த ரைலாண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில், கவனக்குறைவு நிறுவப்படாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என 1868-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. 1984 போபால் பேரழிவுக்குப் பின், டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதை இன்னும் கடுமையாக்கியது. ஆபத்தான தொழிலை நடத்துபவருக்கு விதிவிலக்கற்ற முழுப்பொறுப்பு உண்டு என்றது.

வரலாற்று இடம்

கார் கொட்டகைக்கும் கசடுத் தொட்டிக்கும் அளவில் பெரும் வேறுபாடு இருந்தாலும், இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே: தன் எல்லைக்குள் கட்டப்படுவது எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கு என்ன செய்யும்? கொட்டகையில் அது வெளிச்சத்தையும் கூரைநீரையும் பற்றியது. முன்கூட்டியே பேசித் தீர்க்கக்கூடியது. ராணிப்பேட்டையில் சுவருக்கு அப்பால் உறங்கியவர்கள் நிலத்துக்கு உரிமையாளர்கள் அல்லர். எல்லைத் தகராறுகளில் வழக்காடும் அண்டை வீட்டார் பட்டியலில் இடம்பெறாத அவர்களே அங்கு மிகப் பெரிய இழப்பை அடைந்தனர்.