சவரக்கத்தியும் ஈரச் சாணையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு கருவியின் வரலாறு, அதனைக் கண்டவர் பெயராலோ அது செய்யப்பட்ட உலோகத்தின் பெயராலோ எழுதப்படுவது வழக்கம். அக்கருவிக்குக் கூர்மை தந்தவரின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மடக்குச் சவரக்கத்தி இதற்குத் தக்க சான்றாகும். நீர் தோய்ந்து சுழலும் சாணைக்கல்லில் இக்கத்தி கூர்மை பெற்ற வரலாற்றையும், அக்கூர்மைக்குத் தொழிலாளர் கொடுத்த விலையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

சாணை பிடித்தலும் தீட்டுதலும்

கூர்மையாக்கும் தொழிலைக் குறிக்கச் ‘சாணை பிடித்தல்’, ‘தீட்டுதல்’ என்னும் இரு சொற்கள் தமிழில் வழங்குகின்றன. வழக்கில் இவை ஒன்றுக்கு மற்றொன்று வருவதுண்டு. எனினும் இவற்றை வேறுபடுத்திக் காண்பது சவரக்கத்தியின் தொழில்நுட்பத்தை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும். சுழலும் கல்லில் உலோகத்தைத் தேய்த்து வடிவம் தருவது சாணை பிடித்தல். அசையாக் கல்லிலும் தோல்வாரிலும் விளிம்பை நுண்மையாக்குவது தீட்டுதல்.

சவரக்கத்தியின் முதுகு தடித்தது. விளிம்போ மிக மெல்லியது. இரண்டிற்கும் இடைப்பட்ட பக்கங்கள் குழிந்திருக்கும். இக்குழிவு சாணைச் சக்கரத்தின் வளைவு அலகில் பதிந்த தடமேயாகும். கத்தியைத் தட்டையான கல்லில் படுக்க வைத்தால் முதுகும் விளிம்பும் மட்டுமே கல்லைத் தொடும். ஆதலின் தீட்டும் கோணத்தை முதுகின் தடிப்பே வரையறுத்துவிடுகின்றது. தீட்டுபவர் கோணத்தைத் தனியே கணிக்க வேண்டியதில்லை.

இம்மெல்லிய விளிம்பின் பகை வெப்பமாகும். கரிம எஃகினைக் கடினப்படுத்திய பின்னர் ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் பதப்படுத்துவர். உலர்ந்த கல்லில் வேகமாகத் தேய்க்கும்போது விளிம்பின் வெப்பம் இவ்வளவைக் கடந்துவிடும். எஃகு முதலில் வைக்கோல் நிறமும் பின்னர் நீலமும் பெற்று, கடினத்தன்மையை இழக்கும். நீலம் பாய்ந்த விளிம்பை எவ்வளவு தீட்டினும் அதன் கூர்மை நிலைப்பதில்லை. நீர் இவ்வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதோடு, தேய்ந்த துகளைக் கழுவிக் கல்லின் முகத்தையும் தூய்மையாக வைக்கின்றது. ஈரச் சாணையின் தேவை இங்ஙனம் எஃகின் இயல்பிலேயே அமைந்துள்ளது எனலாம்.

எஃகின் புகழ்

இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரம் சவரக்கத்திக்குப் பெயர்பெற்றது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் அங்கு மூசையில் எஃகினை உருக்கும் முறையை உருவாக்கினார். சீரான அவ்வெஃகு சவரக்கத்திக்கு ஏற்றதாயிருந்தது.

மூசை எஃகு தென்னிந்தியாவில் அதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்பே அறியப்பட்டதாகும். தமிழகத்தில் கொடுமணல், மேல்சிறுவளூர் போன்ற இடங்களில் அத்தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் இவ்வெஃகினை ‘ஊட்ஸ்’ என்றனர். அப்பெயரைக் கன்னட ‘உக்கு’ என்னும் சொல்லோடு அறிஞர் இயைபுபடுத்துவர். தமிழ் ‘உருக்கு’ என்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஜார்ஜ் பியர்சன் இவ்வெஃகினை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. இலண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதனால் சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்தார். ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் இதுவே தமக்கு உவப்பானது எனத் தம் விளம்பர அட்டையிலும் அச்சிட்டார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் எஃகுக் கலவைகள் குறித்து நடத்திய ஆய்வுகள் 1820, 1822ஆம் ஆண்டுகளில் வெளியாயின.

இவ்வரலாற்றில் வேதியியல் அறிஞரின் பெயர் உண்டு. கத்தி விற்றவரின் பெயர் உண்டு. மூசையை உலையேற்றிய தென்னிந்தியக் கொல்லரின் பெயரில்லை. கத்தியைச் சாணையில் பிடித்தவரின் பெயரும் இல்லை.

கூர்மையின் விலை

ஷெப்பீல்டுச் சாணைக்கற்கள் மணற்கற்களாகும். மணற்கல்லில் சிலிக்கா மிகுதி. அதன் நுண்துகளைத் தொடர்ந்து சுவாசிப்போர்க்கு நுரையீரல் இறுகும். இந்நோய் இன்று சிலிக்கோசிஸ் எனப்படுகின்றது.

தொடக்கத்தில் சாணைக்கூடங்கள் ஆற்றங்கரைகளில் நீர்ச்சக்கரத்தால் இயங்கின. போர்ட்டர் ஆற்றங்கரையிலுள்ள ‘ஷெப்பர்டு வீல்’ இன்று அருங்காட்சியகமாகக் காக்கப்படுகின்றது. ஆற்றில் நீர் வற்றினால் வேலை நிற்கும். தொழிலாளரின் நுரையீரலுக்கும் ஓய்வு கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி ஆற்றல் புகுந்தபின் வேலை இடையறாததாயிற்று. நகரின் நெருக்கமான கட்டடங்களில் பலர் ஒருங்கே அமர்ந்து சாணை பிடித்தனர்.

ஷெப்பீல்டு மருத்துவர் நைட் தந்த விவரங்களை, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைபற்றி 1845இல் வெளியிட்ட நூலில் ஏங்கெல்ஸ் எடுத்தாண்டுள்ளார். அந்நகரில் சாணைத் தொழிலாளர் ஏறத்தாழ 2,500 பேர். உலர்ந்த கல்லில் முட்கரண்டி தேய்த்தோர் 28 முதல் 32 வயதிற்குள் இறந்தனர். ஈரமாகவும் உலர்வாகவும் சவரக்கத்தி தேய்த்தோர் 40 முதல் 45 வயதிற்குள்ளும், ஈரக்கல்லில் உணவுமேசைக் கத்தி தேய்த்தோர் 40 முதல் 50 வயதிற்குள்ளும் மாண்டனர். இவ்வேறுபாடு நீரின் பயனைக் காட்டுகின்றது. அதன் போதாமையையும் அதுவே காட்டுகின்றது. சாணைக்கல்லைச் செப்பஞ்செய்யும்போது எழுந்த தூசும், அதே கூடத்தில் உலர்சாணை பிடிப்போர் எழுப்பிய தூசும் ஈரச் சாணைக்காரரையும் விட்டுவைக்கவில்லை.

தூசியை ஈர்க்கும் காந்தக் கருவியொன்றை ஆபிரகாம் என்பவர் 1820களின் தொடக்கத்தில் அமைத்தார். தொழிலாளர் பலர் அதனை ஏற்கவில்லை. தொழிலில் இடர் குறைந்தால் ஆட்கள் பெருகுவர், கூலி குறையும் என்பது அவர்தம் அச்சம். இதனை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. உயிரையும் கூலியையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்த பொருளியல் அமைப்பின் விளைவாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

இன்றைய இயந்திரம்

ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக்கருவி 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. தேய்ந்ததும் எறிந்துவிடத்தக்க அலகு பரவியபின் மடக்குக் கத்தி அருகியது. இந்திய முடிதிருத்தகங்களிலும் அலகு மாற்றிப் பொருத்தும் கத்தியே இன்று பெருவழக்கு.

ஈரச் சாணையோ சிறு இயந்திரமாக நிலைபெற்றுள்ளது. சுவீடனில் டோர்க்னி ஜான்சன் 1973இல் தொடங்கிய டோர்மெக் இதற்குச் சான்று. இவ்வகை இயந்திரத்தில் அலுமினியம் ஆக்சைடாலான சக்கரம் நீர்த்தொட்டியில் தோய்ந்து மெல்லச் சுழலும். பெரிய சக்கரமாயின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 90 சுற்றுகள். விளிம்பு உடைந்த பழைய சவரக்கத்தியைச் சீர்செய்ய இது பயன்படும். எனினும் இறுதிக் கூர்மை நுண்கல்லிலும் தோல்வாரிலுமே கிட்டுகின்றது. சாணைக்குப் பின் தீட்டுதல் என்னும் முறைவைப்பு மாறவில்லை, மாறியது கல்லே. மணற்கல்லின் இடத்தில் செயற்கைக்கல் வந்தமையால் நீர் அலகைக் காக்க, கல் ஆளைக் கொல்லாதாயிற்று.

முடிவுரை

ஈரச் சாணையின் நீர் முதற்கண் எஃகின் பதத்தைக் காக்கவே ஊற்றப்பட்டது. மனிதனின் மூச்சை அது ஓரளவு காத்தது உடன்விளைவே. கருவிக்கு முதலில் கிட்டிய காப்பு, கருவி செய்தவனுக்குப் பிந்தியே கிட்டியது. இது ஷெப்பீல்டோடு முடிந்த கதையன்று. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் (1948) அறிவிக்கத்தக்க நோய்களுள் ஒன்றாகச் சிலிக்கோசிசைச் சேர்த்திருந்தது. எனினும் குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல் தேய்ப்போரும், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் பலகைக்குச்சி அறுத்தோரும் அந்நோய்க்கு இரையானமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அருங்காட்சியகங்களில் ஒளிரும் சவரக்கத்தியின் முதுகில் செய்தவன் பெயர் இல்லை. ஆயினும் அதன் பக்கங்களிலுள்ள குழிவு, சாணை பிடித்தவன் கையின் தடமாகும். பொருள்சார் பண்பாட்டு வரலாற்றை எழுதுவோர் அத்தடத்தையும் ஓர் ஆவணமாகப் படித்தல் வேண்டும்.