படகில் இரண்டு பேர்

எரின் என்ட்ராடா கெல்லி 2019இல் எழுதிய ‘லலானி ஆஃப் த டிஸ்டன்ட் சீ’ சிறுவர் நாவலை அண்மையில் வாசித்தோம். பிலிப்பைன்ஸ் நாட்டார் கதைகளை அடியொற்றி உருவாக்கிய ஒரு கற்பனைத் தீவு. அங்கே லலானியின் அப்பா கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்ல. அம்மாவும் நோயில் விழ, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே படகேறுகிறாள்.

துயரமும் படகும் பிலிப்பைன்ஸ் வரலாற்றில் சேர்ந்தே இருக்கின்றன. 1964இல் பலவான் தீவின் மனுங்குல் குகையில் ஒரு ஈமத்தாழி கிடைத்தது. அதன் காலம் கி.மு. 890–710. மூடியில் ஒரு படகு, அதில் இரண்டு பேர். பின்னால் இருப்பவர் துடுப்பால் படகைச் செலுத்துகிறார். முன்னால் இருப்பவர் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்திருக்கிறார். மறுமைக்குப் போகும் பயணம் எண்டுதான் ஆய்வாளர்கள் இதை விளக்குகிறார்கள்.

இது இரண்டாம் அடக்கத்துக்கான தாழி. முதலில் புதைத்து, தசை அழிந்த பிறகு எலும்புகளை எடுத்துத் தாழியில் வைப்பார்கள். ஒரு சாவுக்கு உறவுகள் இரண்டு தரம் வேலை செய்யவேண்டும்.

துயரத்தைக் கெதியா முடிக்கச் சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லித்தருகினம். அந்த மனிதர்கள் அவசரப்படவில்லை. இறந்தவரைத் தனியே அனுப்பவுமில்லை. படகைச் செலுத்த ஒரு ஆளைக் கூட இருத்தினார்கள். லலானியின் கதை பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதைத்தான்: வீட்டில் இருந்து காத்திருப்பது மட்டும் அன்பில்லை, கூடப் போவதும் அன்புதான்.