வீட்டுப் பழச்சாறு சேமிப்பு (மொன்றியல்)

வீட்டில் பிழிந்த, சூடாக்காத பழச்சாற்றைப் புளிக்காமலும் நோய் தராமலும் வைத்திருக்கும் முறை. கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியலில் இதன் வரலாறு பெரும்பாலும் அப்பிளின் வரலாறுதான். தோடம்பழமும் மாம்பழமும் தொலைவிலிருந்து வந்திறங்குபவை. அப்பிள் ஊர்ப் பழம்.

வரலாறு

பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே சல்பீசியன் சபைக் கத்தோலிக்கக் குருமார் மவுண்ட் ரோயல் மலைச்சரிவில் அப்பிள் தோட்டங்கள் வைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் மொன்றியல் தோட்டங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஃபமியூஸ் என்ற வகை. வெள்ளை வெளேரென்ற சதை காரணமாக அதைப் பனி அப்பிள் என்றும் அழைத்தனர். 1811இல் ஒன்ராறியோவில் ஜோன் மக்கின்ரொஷ் கண்டெடுத்த மரக்கன்றின் வழிவந்த அப்பிள் பின்னர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

குளிர்சாதனப்பெட்டி இல்லாத நாட்களில் இலையுதிர்காலத்தில் பிழிந்த சாறு சில நாட்களில் நுரைத்துச் சைடர் என்ற மதுவாகும். பழத்தோலில் ஒட்டியிருக்கும் மதுவமே இதற்குக் காரணம். பனைமரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கருப்பணி இறக்குபவர் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது இதே நொதித்தலைத் தடுக்கத்தான். பூசாவிட்டால் இறங்குவது கள். அப்பிள் சாற்றுக்கு அப்படியொரு கைமருந்து இல்லாததால், கியூபெக் உழவர்கள் அதை நொதிக்கவே விட்டார்கள்.

1921இல் மாகாண அரசு மதுவிற்பனையைத் தன் கைக்குள் கொண்டுவந்தபோது, சட்டத்தில் சைடரைக் குறிப்பிடவில்லை. அந்த விடுபடலால் 1970 வரை சைடர் விற்பது சட்டவிரோதமாகவே இருந்தது. நொதிக்குமுன் விற்றால் சாறு. நொதித்தபின் விற்றால் குற்றம்! சட்டம் திருந்திய பின் குளிரையே கருவியாக்கும் வழி பிறந்தது. டன்ஹம் ஊரில் 1989 அளவில் கிறிஸ்ரியன் பார்தமஃப் பனிச் சைடரைத் தொடங்கினார். சாறு உறையும்போது முதலில் கட்டியாவது தண்ணீர். எஞ்சும் பாகில் சர்க்கரை செறிந்திருக்கும். நொதிக்கவிடுமுன் அந்தச் சர்க்கரைச் செறிவு குறைந்தது 30 பிரிக்ஸ் அளவைத் தொடவேண்டும். வீட்டு உறைபெட்டியிலும் இதைக் காணலாம்: பாதி உருகிய போத்தலிலிருந்து ஊற்றும் முதல் குவளை பாகாக இனிக்கும், கடைசிக் குவளை சப்பென்றிருக்கும்.

சூடாக்கிப் பேணும் பாச்சர்முறை, 1860களில் லூயி பாச்சர் வைன் கெடுவதைத் தடுக்கக் கண்ட வழி. 1869இல் அமெரிக்காவின் வைன்லான்டில் தோமஸ் வெல்ச் அதைத் திராட்சைச் சாற்றுக்குப் பயன்படுத்தினார். மொன்றியலுக்கு அந்தப் பாடம் பால் வழியாக வந்தது. 1927இல் கிருமி கலந்த பாலால் பரவிய தைபோயிட்டுக் காய்ச்சலில் 5,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 533 பேர் இறந்தனர்.

வகைப்பாடு

சாறுகளைப் புளிப்பை வைத்தே பிரிக்கவேண்டும். நிறம், விலை, பிழிந்த இயந்திரம் எதுவும் இதில் பொருட்டல்ல. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவில் எல்லைக்கோடு 4.6. தேசிக்காய், தோடை, அப்பிள், அன்னாசி ஆகியவை அதற்குக் கீழே, புளிப்பு வகை. கரட், வத்தகப்பழம், கரும்பு ஆகியவை மேலே. தக்காளி கோட்டை ஒட்டியே நிற்கும். மாம்பழம் பழுக்கப் பழுக்கக் கோட்டை நெருங்கும்.

கரட் சாற்றை இனிப்பாக இருக்கிறதே என்று பழச்சாறு போல நடத்துவது பெருந்தவறு. மண்ணிலிருந்து வரும் குளொஸ்திரிடியம் பொட்டுலினம் வித்திகள் சூட்டுக்கும் தாக்குப்பிடிப்பவை. புளிப்பில்லாத சாறு குளிரை இழந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். 2006இல் போத்தல் கரட் சாறு குடித்து அமெரிக்காவில் ஜோர்ஜியா, புளோரிடா மாநிலங்களிலும், கனடாவில் ரொறன்ரோவிலும் சிலர் உடல் செயலிழந்து விழுந்தனர்.

புளிப்பு வகையும் முழுக் காப்பல்ல. 1980இல் ரொறன்ரோப் பகுதியில் புதிதாகப் பிழிந்த அப்பிள் சாறு குடித்த 14 சிறுவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. இதற்குக் காரணமாகக் கருதப்படும் ஈகோலை ஓ157 என்ற பக்டீரியா நோய்க்காரணியாக அடையாளம் காணப்பட்டதே 1982இல்தான். மாட்டுச்சாணமோ மான்புழுக்கையோ பட்ட விழுந்த பழங்கள் வழியாக அது சாற்றில் சேரும். குளிரிலும் புளிப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். உறையவைத்தாலும் முற்றாகச் சாகாது.

மூன்றாம் நாள் மூடி உப்பி, திறக்கும்போது 'புஸ்' என்று சீறி, விளிம்பில் நுரை கட்டிய சாற்றை எவரும் கொட்டிவிடுவர். அது மதுவத்தின் வேலை; பெரும்பாலும் சுவைதான் கெடும். ஈகோலை இருக்கும் சாறோ தெளிவாக, மணமாக, நேற்றுப் பிழிந்ததுபோலவே இருக்கும்.

வீட்டு நடைமுறை

விழுந்த, அடிபட்ட பழங்களை விலக்கி, மற்றவற்றை வெட்டுமுன் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவவேண்டும். சாற்றை உடனே சிறு கண்ணாடிப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, 4 பாகை செல்சியஸோ அதற்குக் கீழோ வைக்கவேண்டும். குளிர்சாதனப்பெட்டியின் கதவுத் தட்டு கூடாது. அடிக்கடி சூடேறும் இடம் அதுதான். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்கும். புளிப்புச் சாறு இரண்டு மூன்று நாள், கரட்டும் வத்தகையும் ஒரு நாள். உறையவைப்பதானால், நீர் பனியாகும்போது ஏறத்தாழ 9 வீதம் விரிவதால் மேலே இரண்டு விரல் இடம் விடவேண்டும். தேசிக்காய்ச் சாறு சில துளி சேர்த்தால் அப்பிள் சாறு கறுக்காது. கிருமி சாகும் என்பது வீண் நம்பிக்கை. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயெதிர்ப்பு குன்றியோர் குடிப்பதானால் கொதிக்கவைத்து ஆறவிட்டே கொடுக்கவேண்டும். சூடாக்கினால் சத்தெல்லாம் போய்விடும் என்பது மிகைப்பேச்சு. விற்றமின் சி ஓரளவு குறையும், அவ்வளவே.

இன்றைய நிலை

நகரில் குளிர் அழுத்தச் சாற்றுக் கடைகள் உண்டு. உணவுச் சோதனை மாகாண வேளாண் அமைச்சின் பொறுப்பு. பாச்சர்முறை செய்யாத சாறு என்று போத்தலில் அச்சிடுவது அமெரிக்காவில் 1998 முதல் கட்டாயம். கனடாவில் விற்பவர் விருப்பம்.

மின்சாரம் நின்றால் குளிரில் வைத்த சாறும் கெடும். அதே 1998 சனவரிப் பனிமழையில் மொன்றியல் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. திறக்காமல் வைத்தால் நிறைந்த உறைபெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடிக்கும். சாதாரணக் குளிர்சாதனப்பெட்டிக்கு நான்கு மணி நேரமே கணக்கு.