மாத்திரை வந்துவிட்டது, பாடம் வழியில் இருக்கிறது

டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. மூன்றையும் ஒரே மாத்திரையாக அடித்து, முப்பது முப்பதாக வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தருகிறார்கள். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் இதற்கு டி.எல்.டி. என்று பெயர். தினம் ஒன்று, ஆயுள் முழுக்க. வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களில் பலர் முதல் வேலையாக லேபிளைக் கிழித்துவிடுவார்கள். பையில் கிலுகிலுவென்று சத்தம் வராமலிருக்க டப்பாவுக்குள் பஞ்சை அடைப்பவர்கள் உண்டு. சிலர் மாத்திரைகளை வேறு டப்பாவுக்கே மாற்றிவிடுவார்கள். ஈரம் உறிஞ்சுவதற்காக உள்ளே போட்டிருந்த சின்னப் பொட்டலம் குப்பைக்குப் போகும். உப்புக்காற்று அடிக்கும் காரைக்கால் கரையில் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். டாக்டருக்கு அதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மாத்திரை வந்த வழியைச் சொல்வது எளிது. டெனோஃபோவிர், பிராகு நகரில் அன்டோனின் ஹோலியின் ஆய்வகத்தில் உருவான மூலக்கூறு. பெல்ஜியத்தின் எரிக் டி கிளெர்க் அது வைரஸை அடக்குவதைக் காட்டினார். லாமிவுடின் மான்ட்ரியலில் பெர்னார்ட் பெல்லோவின் குழுவிடமிருந்து வந்தது. டோலுடெக்ராவிருக்குப் பூர்வீகம் ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம். 2013 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2014-ல் காப்புரிமையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. மூன்றையும் ஒன்றாக்கிய மாத்திரைக்கு 2017 ஆகஸ்டில் மருந்து நிறுவனங்களான அரபிந்தோவும் மைலானும் அமெரிக்காவின் தற்காலிக ஒப்புதலைப் பெற்றன. அடுத்த மாதமே, ஏழை நாடுகளுக்கு ஒருவருக்கு ஓர் ஆண்டு மருந்து சுமார் 75 டாலர் என்று விலை பேசி முடித்தார்கள். 1996-ல் கூட்டு மருந்து சிகிச்சை வந்த புதிதில் இதே ஓராண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீது 350 டாலருக்குத் தருகிறேன் என்றபோது பெரிய கம்பெனிகள் ஆடிப்போயின. மாத்திரையின் கதையை இப்படி விலையை வைத்தே சொல்லிவிடலாம்.

அதோடு கூடவே வர வேண்டிய பாடத்தின் கதை அவ்வளவு நேரானதல்ல. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் நிர்மலா அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. கண்டுபிடித்தாகிவிட்டது, வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. சுனிதி சாலமன் நுண்ணுயிரியல் நிபுணர். 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

உண்மையான பள்ளிக்கூடம் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த இடம், பிறகு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையானது. காசநோய் இருக்கும் இடத்துக்கு எச்.ஐ.வி. தானாக வந்து சேர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐ-டெக் அமைப்போடு சேர்ந்து மற்ற ஊர் டாக்டர்களுக்கும் இங்கே பயிற்சி நடந்தது. வகுப்பறையைவிட வார்டுதான் அதிகம் கற்றுக்கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்தக் காலத்து மருந்துகள் ஒவ்வொன்றும் உடம்பின் ஒவ்வோர் இடத்தை உற்றுப் பார்க்கப் பழக்கின. ஸ்டாவுடின் சாப்பிடுகிறவருக்குப் பாதம் எரியும். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் கன்னம் ஒட்டிப்போகும், ஊரார் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜிடோவுடின் ரத்தத்தைக் குறைக்கும், கண் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும். நெவிராபினுக்குத் தோலைப் பார்க்க வேண்டும். முதல் 14 நாள் ஒருவேளைதான், தடிப்பு இல்லையென்றால் இரண்டு வேளை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கூடவே போனால் நெவிராபினின் அளவு இறங்கிவிடும், அங்கே எஃபாவிரென்ஸ் வேண்டும். எஃபாவிரென்ஸ் கொடுத்தால் தலை சுற்றும், விசித்திரமான கனவுகள் வரும், ஆகவே படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. பாதம் எரிவதைக் கவனிக்கக் கற்றுத் தேர்ந்த நேரத்தில் ஸ்டாவுடினே பட்டியலிலிருந்து போய்விட்டது.

எப்போது மருந்தைத் தொடங்குவது என்ற கணக்கும் மாறிக்கொண்டே இருந்தது. இந்தியா 2004-ல் தொடங்கியபோது, ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் செல்களைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் 350 என்றது, 2013-ல் 500 என்றது, 2015-ல் எண்ணிக்கையைப் பார்க்காதே, எல்லோருக்கும் கொடு என்றது. இந்தியா 2017-ல் அதற்கு வந்தது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறைப்படி ஒரு டாக்டர் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற்றால் போதும். ஆண்டுக்கு ஆறு மணி நேரம்! எந்தப் பாடத்திலும் இருக்கலாம்.

அந்த ஆறு மணி நேரம் எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்பதற்கு டோலுடெக்ராவிரே சாட்சி. 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது: கருத்தரிக்கும்போதே இந்த மருந்தில் இருந்த 426 பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளில் நான்குக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை என்றார்கள். அந்த எச்சரிக்கைக்குக் காரணமான ஆய்வு தொடர்ந்து எண்ணியது. 2019 ஜூலையில் 1,683 பிரசவங்களில் ஐந்து, அதாவது 0.3 சதவீதம்தான் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் இதுதான் முதல் மருந்து என்று அறிவித்தது. 2018 ஜூனில் வகுப்புக்குப் போய், அதற்குப் பிறகு போகாத ஒரு டாக்டரை நினைத்துப் பாருங்கள். நல்ல எண்ணத்தோடுதான் அவர் பெண்களுக்கு இந்த மருந்தை மறுத்துக்கொண்டிருப்பார்.

இந்திய ஏ.ஆர்.டி. மையங்கள் 2020-21-ல் டோலுடெக்ராவிருக்கு மாறின. கொரோனா காலம், ஆட்களைக் கூட்ட முடியாது, பாடம் திரைக்குப் போனது. அந்தப் பழக்கம் அதற்கு முன்பே இருந்ததுதான். 2003-ல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா ஹெபடைட்டிஸ் சி நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறையில், மூலையில் இருக்கும் டாக்டர் தன் நோயாளியின் கதையைத் திரையில் சொல்லுவார், நிபுணர்களும் மற்ற டாக்டர்களும் சேர்ந்து அதை அலசுவார்கள். இங்கே எச்.ஐ.வி. மருத்துவர்களுக்கும் அந்த முறை வந்தது. சொற்பொழிவைவிட இது மேல் என்பது என் கட்சி. பிறர் கதையைக் கேட்ட டாக்டர் மறக்க மாட்டார்.

ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறவர் ஏ.ஆர்.டி. மைய டாக்டர். வரிச்சிக்குடி மாதிரி ஓர் ஊரில் மாத்திரையைச் சந்திக்கப்போகிறவர்கள் வேறு ஆட்கள்.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி சாலையில் கோட்டுச்சேரிக்கு அப்பால் இருக்கிறது வரிச்சிக்குடி. காரைக்காலுக்குக் கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. நிர்வாகம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில். வடக்கே பஸ் ஏறினால் சற்று நேரத்தில் பொறையாறு, அது தமிழ்நாடு. இந்த ஊர்க்காரர் ஒருவர் ஏ.ஆர்.டி. அட்டையை ஓர் இடத்திலும், சுகர் நோட்டை இன்னோர் இடத்திலும் வைத்திருப்பது இங்கே சர்வசாதாரணமாக நடக்கக்கூடியது. தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று பயந்து தூரத்து மையத்துக்குப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எல்லைக்கோடு அந்தப் பயத்துக்கு வசதி செய்து கொடுக்கிறது. இரண்டு டாக்டர்களுக்கும் நடுவே பேச்சுவார்த்தை கிடையாது.

அவர்கள் பேசிக்கொள்ள வேண்டியது இருக்கிறது. டோலுடெக்ராவிருக்கு இரும்பும் கால்சியமும் ஆகாது. குடலிலேயே அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் ஏறவிடாது. வயிறு எரிகிறது என்று மெடிக்கலில் வாங்கும் ஜெலுசில் மாதிரியான அலுமினிய, மெக்னீசிய மருந்துகளும் அப்படித்தான். பான்டாப்பிரசோல் பரவாயில்லை. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையை நிறுத்தவும் வேண்டியதில்லை. சாப்பாட்டோடு சேர்த்தால் இரண்டையும் ஒன்றாகவே போடலாம், வெறும் வயிறானால் டி.எல்.டி.யை இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். மெட்ஃபார்மின் விஷயம் தலைகீழ்: டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், ஆகவே நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் லேசாக ஏறும். சிறுநீரகம் கெட்டதால் அல்ல, கிரியேட்டினினை வெளியேற்றும் ஒரு வழியை மருந்து மறித்துக்கொள்வதால். இது தெரியாத டாக்டர் பதறி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடுவார்.

காசநோய்ப் பக்கம் பாடம் நன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் எச்.ஐ.வி. பார்க்கிறார்கள், ரிஃபாம்பிசின் கொடுத்தால் 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. சத்து மாத்திரை தரும் நர்ஸுக்கும், சுகர் பார்க்கும் டாக்டருக்கும், மெடிக்கலில் நிற்கும் பையனுக்கும் அப்படியொரு வகுப்பு இல்லை. நோயாளியும் சொல்லமாட்டார், லேபிளைக் கிழித்தவர் அவர். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம் அவரைச் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது, அது சரி. அதே சட்டம், சிகிச்சைக்குத் தேவையென்றால் பார்த்துக்கொள்ளும் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் தெரிவிக்கலாம் என்றும் சொல்கிறது. இதைச் சட்ட வகுப்பில் சொல்கிற அளவுக்கு மருந்து வகுப்பில் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு 1,000-ஐத் தாண்டினால் நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்றுதான் முதல் சந்தேகம் விழும். ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார், சில மாதம் விட்டு மறுபடி பரிசோதனை, அப்போதும் இறங்கவில்லையென்றால் விவரங்கள் மாநில மருத்துவ நிபுணர் குழுவுக்குப் போகும். இரண்டாம் வரிசை மருந்தை ஏ.ஆர்.டி. டாக்டர் தாமாக எழுத முடியாது. அந்தக் காகிதத்தை நிரப்புவதற்கு முன்னால், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா? மெடிக்கல்ல வாங்குனதானாலும் சொல்லுங்க” என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு நாளும் தவறாமல் டி.எல்.டி. போட்டுவந்த பெண், காலையில் வெறும் வயிற்றில் கால்சியத்தோடு சேர்த்துத்தான் போட்டேன் என்று சொல்லக்கூடும்.