குடை பிடித்த கதாநாயகியும் நீராவிக் கணக்கு இயந்திரமும்



மாதாந்த வரலாற்றுப் பேச்சுக்கு இம்முறை நான் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆங்கிலத்தில் ‘ஸ்டீம்பங்க்’ என்றொரு நாவல் வகை உண்டு. விக்ரோறியா மகாராணி காலத்து உடையும் பழக்கவழக்கமும், அன்று இல்லாத நீராவி இயந்திரங்களும் ஆகாயக் கப்பல்களும், நடுவே ஒரு காதல், யாருக்கும் இலகுவில் பணியாத ஒரு கதாநாயகி. இதில் ஒரு கணக்காளருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கதை என் வீட்டிலேயே தொடங்கியது.

2010ஆம் ஆண்டு. மகளுக்குப் பதினான்கு வயது. கணிதப் புத்தகத்தின் கீழே இன்னொரு புத்தகத்தை மறைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் குடையுடன் ஒரு பெண். “இதென்ன பிள்ளை, ஓநாய் மனிசனைக் கலியாணம் கட்டுற கதையோ?” என்று பறித்து மேசையில் எறிந்தேன். “வாசிச்சுப்போட்டுப் பேசுங்கோ அப்பா” என்றாள். உண்மையில் என் கோபத்துக்குக் காரணம் வேறு. அதற்கு முதல் வருடம் நாங்கள் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்காக நின்றவர்கள். மே மாதத்துக்குப் பிறகு எங்கள் வீடு இழவு வீடாகவே இருந்தது. அந்த வீட்டில் இருந்துகொண்டு பிள்ளை நடக்காத கதை வாசிக்கிறாளே என்பதுதான் என் ஆற்றாமை.

சென்ற குளிர்காலத்தில், அவள் தனி வீடு போன பின்னர், அறையை ஒதுக்கும்போது அதே புத்தகம் கையில் அகப்பட்டது. இரண்டு இரவில் வாசித்து முடித்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் கெயில் கேரிகர் 2009இல் வெளியிட்ட ‘சோல்லெஸ்’ என்ற நாவல் அது. ‘ஆன்மா அற்றவள்’ என்று பொருள். கதாநாயகி அலெக்ஸியா தரபோட்டிக்கு ஆன்மா கிடையாது. அவள் தொட்டால் இரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் சாதாரண மனிதராகிவிடுவார்கள். தகப்பன் இத்தாலியர் என்பதால் அவளுடைய நிறமும் மூக்கும் சொந்த வீட்டிலேயே நையாண்டிக்கு ஆளாகின்றன. காலம் கடந்தும் கலியாணமாகாதவள் என்ற பேச்சு வேறு. ஆனால் அவள் நிறைய வாசிக்கிறாள், விஞ்ஞானம் பேசுகிறாள், காதலனோடு சரிக்குச் சரி வாதாடுகிறாள். நாவலின் முடிவில் கலியாணமும் நடக்கிறது, மகாராணியின் ஆலோசகர் பதவியும் கிடைக்கிறது. அடுத்த பாகத்தில் அவளுக்கு ஆயுதங்கள் ஒளித்த குடை ஒன்றைச் செய்து கொடுப்பவளும் ஒரு பெண்தான்.

‘ஸ்டீம்பங்க்’ என்ற சொல் 1987இல் பிறந்தது. தானும் தன் நண்பர்களான டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலொக் ஆகியோரும் எழுதிய கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டுமென்று, கே. டபிள்யூ. ஜீற்றர் என்ற எழுத்தாளர் ‘லோகஸ்’ சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி வேடிக்கையாக இட்ட பெயர் அது. ஆனால் வேர் இன்னும் ஆழமானது.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசியால் மறு ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் முடங்கிய கவிஞர் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். விருந்தாளிகளில் ஒருத்தியான பதினெட்டு வயது மேரி அப்போது தொடங்கியதுதான் ‘பிராங்கென்ஸ்டைன்’. 1818இல் வெளிவந்த முதற் பதிப்பில் எழுதியவர் பெயர் இல்லை.

அதே பைரன் சில மாதக் குழந்தையொன்றை இங்கிலாந்தில் விட்டு வந்திருந்தார். பிறகு அவர் அந்தக் குழந்தையைக் காணவேயில்லை. அவள்தான் ஏடா லவ்லேஸ். தகப்பனின் கவிதைப் போக்கு மகளுக்கு வந்துவிடக் கூடாதென்று தாய் கணிதம் படிப்பித்தார். 1833இல், பதினேழு வயதில், ஏடா சார்ள்ஸ் பபேஜைச் சந்தித்தார்.

பபேஜ் யாரென்பதைக் கணக்காளர்களாகிய நாங்கள் மறக்கலாகாது. அந்நாளில் கப்பலோட்டிக்கும் காப்புறுதிக்காரருக்கும் எண் அட்டவணைகள்தான் துணை. மனிதர் கையால் கணித்து அச்சிட்ட அவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. 1821இல் நண்பரோடு அவற்றைச் சரிபார்த்துக் களைத்த பபேஜ், இந்தக் கணக்குகளை நீராவி செய்தால் நன்றாக இருக்குமே என்று அலுத்துக்கொண்டாராம். மாத முடிவில் ஐந்தொகை பொருந்தாமல் விடியவிடிய இருந்த எவருக்கும் அந்த அலுப்புப் புரியும். அட்டவணை கணிக்கும் அவரது முதல் இயந்திரத்துக்கு அரசாங்கம் 17,000 பவுணுக்கு மேல் செலவழித்து, 1842இல் கைவிட்டது. துளையிட்ட அட்டைகளால் ஆணை பெற்று எந்தக் கணக்கையும் செய்யக்கூடிய இரண்டாவது இயந்திரம் வரைபடத்தோடு நின்றது.

அந்த இரண்டாவது இயந்திரம் பற்றிப் பிரெஞ்சில் வந்த ஒரு கட்டுரையை ஏடா 1843இல் மொழிபெயர்த்தார். அவர் சேர்த்த குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பெர்னூலி எண்களை இயந்திரம் எப்படிப் படிப்படியாகக் கணிக்கும் என்பதை அட்டவணையாகவே எழுதிக் காட்டினார். ஒலிகளின் உறவை விதிகளாக்கினால் அது இசைகூட அமைக்கலாம் என்றார். கட்டுரையின் கீழ் அவர் இட்டது ஏ.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே. 1852இல் முப்பத்தாறு வயதில் காலமானார்.

அந்த இயந்திரம் உண்மையில் வெற்றி பெற்றிருந்தால்? இக்கேள்வியை வைத்து வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் ‘டிஃபரன்ஸ் என்ஜின்’ நாவலை எழுதினார்கள். அதில் பைரன் பிரதமராகிறார். ஏடாவோ சூதாட்டத்தில் அமிழ்ந்தவராக ஓரமாகவே வருகிறார். அடுத்த வருடமே இலண்டன் விஞ்ஞான நூதனசாலை, பபேஜ் பிறந்த இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, அவர் வரைந்த இன்னோர் அட்டவணை இயந்திரத்தைக் கட்டி முடித்தது. அது பிழையின்றிக் கணித்தது. நடக்காத கதை என்று நான் எறிந்த புத்தகத்தின் பின்னால், நடந்திருக்கக்கூடிய ஒரு வரலாறு இருந்தது.

கேரிகர் போன்ற பெண் எழுத்தாளர்கள் ஓரத்தில் நின்றவளை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகாயக் கப்பல் கற்பனை. ஆனால் கதாநாயகி உடைக்கும் பூட்டுகள் உண்மையானவை. 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சம்பாத்தியமும் பொதுவாகக் கணவனுடையதே. எங்கள் யாழ்ப்பாணத்திலும் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் சீதனக் காணியை விற்க மனைவிக்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டியிருந்தது. என் தொழிலையே எடுங்கள். மேரி ஹரிஸ் ஸ்மித் என்ற பெண் பட்டயக் கணக்காளராகச் சேர 1891இல் விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காக மறுக்கப்பட்டார். சேர்த்துக்கொண்டது 1920இல். அப்போது அவருக்கு வயது 75.

இதையெல்லாம் வாசித்தபோது அம்மாவின் நினைவு வந்தது. சுன்னாகத்தில் ஐயாவுக்குப் பலசரக்குக் கடை. இரவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் கொப்பியை விரித்துப் பற்று வரவு எழுதியவர் அம்மா. வரிக் கந்தோருக்குப் போன தாள்களில் கையெழுத்து ஐயாவினுடையது. நான் கணக்குப் பழகியது அந்தக் கொப்பியில்தான். பட்டம் பிறகு வந்தது. அம்மா படித்திருந்தால் என்று ஒருநாளும் நான் கேட்டுப் பார்த்ததில்லை.

இந்தக் கற்பனை வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். ‘ஸ்டீம்பங்க்’ என்ற சொல் பிறப்பதற்கு 82 ஆண்டுகளுக்கு முன்னரே, 1905இல், வங்காளத்துப் பெண்மணி ரொக்கேயா சகாவத் ஹொசைன் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அதில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள், மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள், வானூர்தியில் செல்கிறார்கள். காதல் இல்லை, நீராவியும் இல்லை. ஆனால் அதே துணிவு. அதை முதலில் வெளியிட்டது சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மகசின்’.

‘அப்படி நடந்திருந்தால்’ என்பது நமக்குப் புதிய பேச்சல்ல. செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் நாம் பேசுவதே அதுதான். அன்று கப்பலேறாமல் இருந்திருந்தால், அந்த வீதியால் போகாமல் இருந்திருந்தால் என்று பெருமூச்சோடு கேட்டு நிறுத்திவிடுவோம். என் மகள் அதே கேள்வியைப் பயமில்லாமல் கேட்கும் புத்தகத்தைத் தேடியிருக்கிறாள். இழவு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. அதை நான் அன்று விளங்கிக்கொள்ளவில்லை.

மகளுக்குத் தொலைபேசி எடுத்து, இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டேன். “கட்டிலுக்குக் கீழ பெட்டிக்குள்ள இருக்கு அப்பா. நீங்கள் பறிச்சுப்போடுவீங்கள் எண்டு ஒளிச்சு வைச்சது” என்றாள்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பெயர் போடாமல் கணக்கு எழுதிய ஒரு பெண் இருந்திருப்பார். அவரைப் பற்றி நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த மாதப் பேச்சில் பெயரோடு வாசிப்போம்.